ஏற்காட்டில் ஹீட் பம்ப் குழாய்: வெளிச்சுவரில் நனையாமல் கொண்டுபோகும் முறை

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் தங்கை வீடு. போன டிசம்பரில் அந்த வீட்டுப் பின்சுவரில் ஓடிய குழாயின் உறையைக் கத்தியால் கீறினேன். உறைக்கும் குழாய்க்கும் நடுவே தேங்கியிருந்த தண்ணீர் கை மேல் கொட்டியது. காலை ஏழு மணி, நல்ல பனிமூட்டம், ஸ்வெட்டர் போட்டும் உதறல். ஆனால் அந்தத் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. டேங்குக்குப் போயிருக்க வேண்டிய சூடு அது.

நான் சேலத்தில் ஒரு சாயப்பட்டறையில் 26 வருடம் ஸ்டீம் லைன் பார்த்தவன். வீடு அம்மாப்பேட்டையில். குழாய்க்கு உறை போடுவதை நாங்கள் லேகிங் என்போம். ஸ்டீம் லைனில் கற்றதில் பெரும்பகுதி ஹீட் பம்ப் குழாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மிஷின். ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் வீட்டுக்கு வெந்நீருக்காக ஹீட் பம்ப் வைக்க நினைப்பவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பதால், தங்கை வீட்டு வேலையை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெளியே 5 கிலோவாட் யூனிட். சமையலறைக்குப் பக்கத்து அறையில் 200 லிட்டர் டேங்க். டேங்கின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே யூனிட்டுக்குப் போய், சூடாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே 14 மீட்டர். போக, வர என்று 28 மீட்டர் குழாய் வெளியில் நின்றது. போட்டுக்கொடுத்தவர்கள் வெள்ளை நுரை உறையை மாட்டி, மேலே சாதாரண பிவிசி டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியது, அவ்வளவுதான்.

"அண்ணா, முன்னெல்லாம் வெளிச்சம் வர்றதுக்குள்ள மிஷின் நின்னுடும். இப்ப எட்டு மணி வரைக்கும் ஓடிட்டே இருக்குது" என்றாள் தங்கை. மாப்பிள்ளைக்குக் குழாய் மேல் சந்தேகமே வரவில்லை. "மச்சான், ரெண்டு முனையிலயும் சூடு பார்த்துட்டேன். அரை டிகிரிதான் வித்தியாசம். குழாயில ஒண்ணும் போகலைங்க" என்றார்.

இந்த அரை டிகிரியில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். அந்த யூனிட்டில் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. 14 லிட்டர் அரை டிகிரி இறங்கினால் நிமிடத்துக்கு 7 கிலோகலோரி போகிறது. மணிக்கு 420. வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 490. அதுவும் ஒரு குழாயில் மட்டும். இன்னொரு குழாயையும் சேர்த்தால் ஒரு கிலோவாட்டை நெருங்குகிறது. 5 கிலோவாட் யூனிட் உண்டாக்கும் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு சுவரோரத்திலேயே காற்றில் கரைந்தது. மிஷின் எட்டு மணி வரை ஓடாமல் என்ன செய்யும்? தண்ணீர் வேகமாக ஓடும்போது டெம்பரேச்சர் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும், அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

உறையின் தடிமன் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வெளியே 15 டிகிரி, குழாய்க்குள் 55 டிகிரி, குழாய் 32 மில்லி பிபிஆர் (சூடேற்றி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்), காற்று அதிகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையே இல்லாவிட்டால் மீட்டருக்குச் சுமார் 30 வாட் போகும். 13 மில்லி நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் 12 வாட். 19 மில்லி போட்டால் 10. 25 மில்லி போட்டால் 8. முதல் 13 மில்லியிலேயே பெரிய சேமிப்பு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதவும். ஆனால் இந்தக் கணக்கு எல்லாமே உறை காய்ந்திருந்தால்தான். தண்ணீர் சூட்டைக் கடத்துவது நல்ல உறை கடத்துவதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல். உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் 25 மில்லி போட்டும் பயனில்லை. அதனால் தடிமனை 19 மில்லியோடு நிறுத்திவிட்டு, மிச்சக் காசையும் உழைப்பையும், மழையும் வெயிலும் படாமல் உறைக்கு மேலே போடும் மேலுறையில் போடுங்கள் என்பதுதான் என் பேச்சு. சேலத்தில் மொட்டை மாடியில் குழாய் ஓடினால் வெயில்தான் முதல் எதிரி. ஏற்காட்டில் மே மாதக் கோடை மழையில் தொடங்கி நவம்பர் வரைக்கும், மழை இல்லாத நாளில் பனிமூட்டத்தாலும், தண்ணீர்தான் எதிரி.

இடமும் வழியும்

குழாயைத் தொடுவதற்கு முன் சணல் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டிலிருந்து டேங்க் வரை குழாய் போகும் வழியிலேயே கயிற்றைப் பிடித்து நடந்து அளந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டு மீட்டர் போலத் தெரிவது, மூலை திரும்பி, சன்னலைச் சுற்றி, ஏறி இறங்கினால் பதினாலு ஆகிவிடும். தங்கை வீட்டில் அப்படித்தான் ஆகியிருந்தது. பின்பக்கம் இருந்த யூனிட்டை பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினோம். 14 மீட்டர் 9 மீட்டராகக் குறைந்தது. ஐந்து மீட்டர் குறைந்தால் போக வரப் பத்து மீட்டர். நல்ல உறை போட்ட பிறகும் அதில் 100 வாட் மிச்சம். மின்இணைப்பை மாற்றியது எலக்ட்ரீஷியன். அதை நாமே செய்யக் கூடாது, மெயினை அணைத்துவிட்டுத்தான் பக்கத்திலேயே போக வேண்டும்.

யூனிட்டை நெருக்கமான சந்துக்குள் தள்ளிவிடாதீர்கள். அது குளிர்ந்த காற்றை வெளியே ஊதும். எதிரே சுவர் இருந்தால் அதே குளிர்ந்த காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். சில்வர் ஓக் மரத்தடியும் வேண்டாம், சருகு பின்பக்கத்தை அடைத்துவிடும். எவ்வளவு இடைவெளி என்பது யூனிட்டோடு வரும் புத்தகத்தில் இருக்கும், அதை மீறாதீர்கள். இன்னொன்று: யூனிட்டிலிருந்தும் தண்ணீர் சொட்டும். அதற்குத் தனியாக ஒரு சின்ன குழாய் போட்டுச் செடிப் பக்கம் விடுங்கள். நடைபாதையில் விட்டால் இரண்டே வாரத்தில் பாசி பிடித்து வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

வழி என்று வந்தால், மண்ணுக்குள் புதைப்பதா, சுவரில் ஏற்றுவதா? என்னால் முடிந்தவரை சுவர்தான். அதுவும் சன்ஷேடுக்கு நேர் கீழே. நேரடி மழையும் உச்சி வெயிலும் பாதியாகக் குறைந்துவிடும். எங்காவது ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். மலையில் எல்லா இடமும் சரிவு. மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். புதைத்த குழாய் அந்த ஓட்டத்தில் குளித்துக்கொண்டே கிடக்கும்.

நடைபாதையைக் கடக்க வேண்டியிருந்தால் புதைப்பதைத் தவிர வழியில்லை. எங்களுக்கு ஒன்றரை மீட்டர் அப்படி வந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, ஒவ்வொரு குழாய்க்கும் தனியாக ஒரு 110 மில்லி பிவிசி பைப்பை உறையாக வைத்தோம். 32 மில்லி குழாய்க்கு இரண்டு பக்கமும் 19 மில்லி ரப்பர் சேர்ந்தால் 70 மில்லி ஆகிறது. 110க்குள் அது தாராளமாகப் போய்வரும். நாளைக்குக் கெட்டுப்போனாலும் தரையை உடைக்காமல் உருவி எடுக்கலாம். பிவிசி பைப்பை ஒரு பக்கமாகச் சரித்து வைத்து, தாழ்ந்த முனையின் அடியில் ஒரு துளை போட்டு, துளைக்குக் கீழே ஜல்லி கொட்டுங்கள். துளைக்கும் இரண்டு வாய்க்கும் கம்பி வலை கட்டாயம். எலி உள்ளே போய்க் குடும்பம் நடத்த அதைவிடச் சூடான இடம் ஏற்காட்டில் கிடையாது, ரப்பரைக் கடித்துத்தான் அது மெத்தை செய்யும்.

குழாயின் அளவு

இதில் பழைய வேலை சரியாகவே இருந்தது, 32 மில்லிதான் போட்டிருந்தார்கள். ஆனால் பல வீடுகளில் 25 போட்டுவிட்டு ஒரு இஞ்ச் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். பிபிஆரில் சொல்கிற அளவு வெளிவிட்டம். கனமான ரகத்தில் 25 மில்லி குழாயின் உள்துளை 16.6 மில்லிதான், அது முக்கால் இஞ்ச் குழாய்க்குச் சமம். 32 மில்லியின் உள்துளை 21.2. நிமிடத்துக்கு 14 லிட்டர் என்றால் 25 மில்லிக்குள் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகத்தில் பாய வேண்டும், 32 மில்லிக்குள் முக்கால் மீட்டருக்கும் குறைவு. பம்ப்புக்கு மூச்சு முட்டாது, இரவில் சத்தமும் வராது.

சூடு ஏறினால் குழாய் நீளும். இதை வீட்டுப் பிளம்பிங்கில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சாதாரண பிபிஆர் ஒரு மீட்டர், ஒரு டிகிரிக்கு 0.15 மில்லி நீளும். 9 மீட்டர் குழாய் 15 டிகிரியிலிருந்து 55க்கு ஏறினால் 54 மில்லி. அதாவது இரண்டு விரற்கடைக்கு மேல். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் குழாய் பாம்பு மாதிரி வளைந்து, கிளாம்ப்பைப் பிடுங்கும், உறையின் இணைப்பு வாயைப் பிளக்கும். பிளந்த வாயில் மழை இறங்கும். பழைய குழாயில் நான் பார்த்த நாலு பிளவும் எல்போவுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. நடுவில் கண்ணாடி இழை அடுக்கு உள்ள பிபிஆர் கிடைக்கிறது. அதன் நீட்சி நாலில் ஒரு பங்குதான், 9 மீட்டருக்கு 13 மில்லி. விலை கொஞ்சம் கூட. வெளியில் ஓடும் வெந்நீர்க் குழாய்க்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். செம்புக் குழாய் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு, 9 மீட்டருக்கு ஆறேழு மில்லிதான்.

எந்தக் குழாயானாலும் வழியில் குறைந்தது ஒரு மூலைத் திருப்பமாவது இருக்கட்டும். நேர் ஓட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் குழாயை அசையாமல் பிடியுங்கள், மற்ற கிளாம்ப்பெல்லாம் வழுக்க விடுங்கள். மூலையில் குழாய் அசைய இடம் வேண்டும், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

ஏற்ற இறக்கம் இன்னொரு விஷயம். குழாய் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறினால் அந்த மேட்டில் காற்று தங்கும். தண்ணீர் ஓடாது, யூனிட் பிழை காட்டி நிற்கும். ஒரே பக்கமாகச் சரிவு கொடுங்கள். மிக உயரமான இடத்தில் காற்றை வெளியே விடும் ஏர் வென்ட், மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு. யூனிட் டேங்கைவிட உயரத்தில் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் வெந்நீர் தானாக மேலே ஏறி, வெளியே ஆறி, மறுபக்கம் இறங்கும். ராத்திரி முழுக்க இப்படிச் சத்தமில்லாமல் டேங்க் ஆறிப்போகும். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் தீர்ந்தது. தங்கை வீட்டில் யூனிட் தாழ்வில் இருந்ததால் அது தேவைப்படவில்லை.

மேல்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்துவிட்டுக் குழாய் உறைந்துவிடுமோ, மருந்து கலக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்காட்டுக் குளிர் தண்ணீரை உறைய வைக்காது. அந்தச் செலவு வேண்டாம்.

டெஸ்ட் முதலில், உறை அப்புறம்

உறைக் குழலைக் கீறாமல் முழுசாகக் குழாயில் மாட்ட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கீறல் இருந்தால்தானே தண்ணீர் நுழையும். அதனால் குழாயை ஒட்டுவதற்கு முன்பே குழல்களைக் கோத்துவிடுங்கள். வெல்டிங் செய்யும் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் மிஷினின் சூடான முனை பட்டு ரப்பர் கருகும்.

எல்லா ஜாயிண்டும் முடிந்ததும் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. அந்த நேரத்தில் யூனிட்டின் வால்வும் டேங்கின் வால்வும் மூடியிருக்க வேண்டும். பிபிஆர் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும், அதனால் முதல் அரை மணி நேரம் கேஜ் முள் இறங்கும். பயப்படாமல் மறுபடி ஏற்றுங்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு முள் நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாயிண்டையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் ஈரமானால் அங்கே கசிவு. இந்த ஒரு ராத்திரியைப் பொறுக்காமல் உறை போட்டு மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் பிரித்தவர்களைச் சாயப்பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன்.

உறை போடும் கை வேலை

நைட்ரைல் ரப்பர் என்று கேளுங்கள். கறுப்பாக, பஞ்சு மாதிரி அமுங்கும், ஆனால் அறுத்த முகத்தில் தண்ணீர் ஊறாது. ஏசி சாமான் விற்கும் கடைகளில் சேலத்தில் கிடைக்கும். மேலே ஏறுவதற்கு முன் பட்டியலை இரண்டு தடவை சரிபாருங்கள். பசை டப்பா ஒன்றை மறந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டும், அரை நாள் போய்விடும். வெள்ளை நுரைக் குழல் மலிவு, ஆனால் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும், சூட்டில் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். வீட்டுக்குள் ஓடும் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு அது போதும்.

இரண்டு குழாய்க்கும் உறை வேண்டும். டேங்கிலிருந்து போகும் குழாயில் பச்சைத் தண்ணீர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். டேங்க் சூடேறச் சூடேற அந்தக் குழாயும் 50 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே உறைக்குள் கட்டுவதும் வேண்டாம், தனித்தனியாகப் போட்டு, நடுவே கை நுழையும் இடம் விடுங்கள்.

ரப்பரை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டினால் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், இணைப்பு வாய் திறக்கும். ஒவ்வொரு துண்டையும் தேவையைவிட அரை விரற்கடை நீளமாக வெட்டி, அமுக்கித் திணித்து ஒட்டுங்கள். பசையை இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்து, அப்புறம் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். பனிமூட்டத்தில் பசை காயாது, அதன் மேல் ஈரம் படியும். ஏற்காட்டில் இந்த வேலைக்குக் காலை பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் நல்ல நேரம். ஒட்டி முடித்து ஒன்றரை நாள் யூனிட்டை ஓட்டாதீர்கள். தங்கை வீட்டில் இரண்டு நாள் விறகடுப்பில்தான் வெந்நீர் காய்ந்தது.

எல்போவில் குழலை அப்படியே வளைத்தால் உள்பக்கம் மடிந்து, வெளிப்பக்கம் மெலிந்துவிடும். இரண்டு துண்டை 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, மூலை சேர்த்து ஒட்டுங்கள். கத்தி புதுசாக இருக்க வேண்டும், பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். வால்வு, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), ஒய் ஸ்ட்ரெய்னர் (குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி) இவற்றை யாரும் மூடுவதில்லை. பித்தளை வால்வு ஒன்று வெறுமையாக நின்றால் நல்ல சூடு அதன் வழியாகப் போகும். ஆனால் ஸ்ட்ரெய்னரை வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழற்றிக் கழுவ வேண்டும், அதனால் அதற்கு மட்டும் ரப்பர் ஷீட்டில் ஒரு சட்டை மாதிரி தைத்து, வெல்க்ரோ போட்டு வைத்தேன். யூனிட்டை ஒட்டி ஒரு முழ நீளம் நெளியும் குழாய் போடுங்கள், கம்ப்ரெஸர் அதிர்வு சுவருக்கு வராது. அதற்கும் உறை உண்டு.

கிளாம்ப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் குழாயில் கிளாம்ப் போட்டு, உறையை அங்கே மட்டும் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு கிளாம்ப்பும் ஒரு ஓட்டை. உறைக்கு மேலே போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் காகிதம் மாதிரி ஆகிவிடும். நான் செய்தது இது: 75 மில்லி பிவிசி பைப் ஒன்றை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்தேன். 70 மில்லி உறை அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தத் தொட்டிலுக்கு மேலே கிளாம்ப். எடை பரவிவிடும், ரப்பர் நசுங்காது, குழாய் நீளும்போது வழுக்கவும் செய்யும். முக்கால் மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வைத்தேன். சூட்டில் பிபிஆர் தொய்யும், அதனால் இதைவிட அகலமாக விடாதீர்கள். யூனிட்டின் ஒயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். ஒயருக்குத் தனி பைப் போடுங்கள்.

ஸ்ப்ளிட் வகை, அதாவது டேங்குக்கு வாயுக் குழாய் போகும் வகை வைத்திருப்பவர்களுக்கு: அந்தச் செம்புக் குழாயைத் தொடும் வேலை பயிற்சி பெற்ற டெக்னீஷியனுடையது. உறை மட்டும் நீங்கள் கவனியுங்கள். யூனிட்டிலிருந்து சூடாக வரும் குழாய் 80 டிகிரிக்கு மேலும் போகும். அங்கே வெள்ளை நுரை தாங்காது. நைட்ரைல் 105 டிகிரி வரை தாங்கும், இபிடிஎம் ரப்பர் 125 வரை.

மேலுறை

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். கறுப்பு ரப்பரை அப்படியே வெயிலில் விட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் மேல்தோல் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் எறும்பு. பழைய நுரைக்குள் எறும்பு சுரங்கம் தோண்டி, முட்டை வைத்திருந்தது. குரங்கு வேறு. டேப்பின் நுனி ஒன்று தொங்கினால் போதும், உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்துவிடும்.

சன்ஷேடுக்குக் கீழே கண்ணாடி இழைத் துணி சுற்றி இரண்டு கோட் வெயில் தாங்கும் பெயின்ட் அடித்தால் போதும். குரங்கு வரும் இடம், மழை நேரடியாக அடிக்கும் இடம் என்றால் அலுமினியம் ஷீட்தான். அரை மில்லி கனம். சாயப்பட்டறையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, புதுசாக வரும் எந்தப் பையனையும் முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஓட்டுக்கூரையைக் காட்டுவார். கீழ் வரிசை ஓடு முதலில், அதன் மேல் ஏறினாற்போல அடுத்த வரிசை. குழாய் உறைக்கும் அதே முறைதான். செங்குத்தாக ஏறும் குழாயில் கீழிருந்து தொடங்கி மேலே போங்கள், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் இரண்டு விரற்கடை ஏற வேண்டும். டேப், துணி சுற்றினாலும் கீழிருந்து மேலேதான். மேலிருந்து சுற்றிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு சுற்றும் மேல்நோக்கித் திறந்த ஒரு கிண்ணம். பழைய டேப் அப்படித்தான் சுற்றப்பட்டிருந்தது.

படுக்கையாக ஓடும் குழாயில் ஷீட்டின் நெடுக்கு இணைப்பு எங்கே வர வேண்டும்? குழாயின் முகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் நாலு மணிக்கோ எட்டு மணிக்கோ, எந்தப் பக்கம் மழை அடிக்காதோ அந்தப் பக்கம், வாய் கீழ்நோக்கி. பன்னிரண்டு மணிக்கு ஒருக்காலும் வேண்டாம். ஷீட்டைப் பூட்ட நீளமான ஸ்க்ரூ போடாதீர்கள். ரப்பரைத் தாண்டிக் குழாயைக் குத்திவிட்டால் எல்லாம் போச்சு. எஃகு பட்டையால் இறுக்குங்கள், இல்லாவிட்டால் குட்டை ரிவெட். இன்னொன்று, ஈரமான சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். கொத்தனார் பூச்சு வேலை செய்தால் அது முடிந்து காய்ந்த பிறகே ஷீட்டை ஏற்றுங்கள்.

சுவரைத் துளைக்கும் இடத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தங்கை வீடு பழைய கல் கட்டடம், சுவர் ஒன்றரை அடி. கோர் கட்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்து, 110 மில்லியில் துளை போட்டோம், வெளிப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்த சரிவில். உள்ளே பிவிசி பைப் ஒன்றைச் சொருகி, அதற்குள் குழாயை உறையோடு விட்டோம். உறையை வெளிச்சுவரோடு நிறுத்தக் கூடாது, டேங்க் வரைக்கும் தொடர வேண்டும். சுற்றி மிஞ்சும் இடத்தைச் சிமெண்ட் போட்டு அடைத்தால் குழாய் அசையும்போது விரிசல் விடும். கம்பிப் பஞ்சைத் திணித்து, மேலே சிலிக்கான் போடுங்கள். எலியும் நுழையாது, மழையும் நுழையாது. துளைக்கு வரும் முன் குழாய் ஒரு சாணாவது கீழே இறங்கி, அங்கிருந்து ஏறி உள்ளே போகட்டும். மேலே வழிந்துவரும் மழைத் தண்ணீர் அந்த அடிவளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. இந்த அடிவளைவுதான் குழாயின் தாழ்ந்த இடமாகிவிடும், வடிகால் வால்வை இங்கேயே வையுங்கள்.

முடித்த பிறகு

முதல் மழை நின்றதும் யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போது முழு நீளத்துக்கும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடங்கள். எங்கும் ஒரே மாதிரி குளிர்ச்சி இருக்க வேண்டும். ஒரு இடம் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அங்கே உறை வாய் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. ஜனவரியில் தங்கை வீட்டில் நான் அப்படி நடந்தபோது ஓர் எல்போவில் மட்டும் சூடு தெரிந்தது. பிரித்தால் 45 டிகிரி வெட்டு சரியாகச் சேரவில்லை, தீக்குச்சி நுழையும் இடைவெளி. மறுபடி வெட்டி ஒட்டினேன். இப்போது மிஷின் ஆறரைக்கெல்லாம் நின்றுவிடுவதாகத் தங்கை சொல்கிறாள். மாப்பிள்ளை தினமும் ஒரு தடவை கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காபித் தோட்டத்துக்குப் போகிறார்.

அலுமினிய உறையின் அடிப்பக்கத்தில், ஒவ்வொரு தாழ்ந்த இடத்திலும் ஒரு சின்ன துளை விட்டு வைத்திருக்கிறேன், தீக்குச்சி கனத்துக்கு. உள்ளே தண்ணீர் போகாத வரை அது காய்ந்தே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அந்தத் துளைகளைப் பாருங்கள். எதிலாவது சொட்டினால் தப்பு அந்த இடத்தில் இருக்காது, மேலே எங்கோ ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. துளையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும்.